பனிமலையும் நம் ஊர் ஏரியும்

(கீழ்பென்னாத்தூர் ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டிருப்பது பனி. வெயிலுக்குப் பெயர்போன திருவண்ணாமலை மாவட்டத்தில், நெல்லும் மணிலாவும் விளையும் கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு பனியைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் வியக்கலாம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வயல்வெளியை மூடி நிற்கும் மூடுபனியையும், புல்லின் நுனியில் நிற்கும் பனித்துளியையும்தான் நாம் பனி என்று அறிந்திருக்கிறோம். வானத்திலிருந்து பஞ்சு போல இறங்கி, மலையை மூடி, மாதக்கணக்கில் கரையாமல் கிடக்கும் வெண்பனியை நம்மில் படையில் பணியாற்றியவர்களும், வடநாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் பிழைப்புக்காகச் சென்றவர்களுமே கண்டிருப்பார்கள்.

ஆயினும் அந்தப் பனி நம் வணக்க வழிபாட்டுக்கு அந்நியமானது அன்று. ஜனாஸாத் தொழுகையில் இறந்தவருக்காக ஓதும் துஆக்களுள் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த மனிதரின் பாவக்கறைகளை நீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவித் தூய்மைப்படுத்துமாறு அதில் நாம் இறைவனிடம் மன்றாடுகிறோம். பனியைக் குறிக்கும் ‘ஸல்ஜ்’ என்ற அரபுச் சொல், பனியே விழாத நம் ஊரிலும் அந்த துஆவின் வழியே ஒலித்துக்கொண்டிருக்கிறது. நாவால் நாம் உச்சரிக்கும் அந்த அருட்கொடையின் நிலை இன்று என்ன, அதிலிருந்து நமக்கு என்ன படிப்பினை என்பதை அறிந்துகொள்வது நம் மீது கடமையல்லவா?

தேக்கி வைக்கப்பட்ட நீர்

மழைக்கும் பனிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மழை விழுந்தவுடன் ஓடிவிடும். பனியோ விழுந்த இடத்திலேயே காத்திருக்கும். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடற்பகுதியில் உருவாகும் காற்றுச் சுழற்சிகள் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி வந்து இமயமலையில் மோதுகின்றன. வானிலை அறிஞர்கள் இவற்றை ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்று அழைக்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை இவை கொண்டுவரும் ஈரமே மலைகளில் பனியாகப் படிகிறது. பின்னர் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வெயில் ஏற ஏற, அந்தப் பனி சிறிது சிறிதாக உருகி ஓடைகளிலும் ஆறுகளிலும் இறங்குகிறது. அப்போதுதான் கீழே உழவர்கள் நாற்றங்கால் போடுகிறார்கள். பருவமழையோ இன்னும் வந்திருக்காது. தேவை மிகுந்திருக்கும் அந்த இடைவெளியில், குளிர்காலத்தில் சேர்த்து வைத்த நீரை மலை கணக்காக அளந்து தருகிறது.

வானத்திலிருந்து நீரை ஓர் அளவின்படி இறக்கி, அதைப் பூமியில் தங்க வைத்திருப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றல் உண்டு என்றும் அல்லாஹ் தன் திருமறையில் (23:18) நினைவூட்டுகிறான். இங்கே மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, அளவு. இரண்டு, தங்க வைத்தல். மூன்று, அது நம் கையை விட்டுப் போய்விடக்கூடும் என்ற எச்சரிக்கை. பனிமலையைப் பார்ப்பவர் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் காணலாம்.

ஆப்கானிஸ்தானிலிருந்து மியான்மர் வரை நீண்டு கிடக்கும் இந்துகுஷ் இமயமலைத் தொடரிலிருந்து பன்னிரண்டு பெரும் ஆற்றுப் படுகைகள் நீர் பெறுகின்றன. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகியவை அவற்றுள் அடங்கும். இப்படுகைகளில் ஓராண்டில் ஓடும் நீரில் சராசரியாக 23 விழுக்காடு பனி உருகி வருவது. ஏறத்தாழ 200 கோடி மக்களின் வாழ்வு இவ்வாறுகளைச் சார்ந்திருக்கிறது. நம் ஊர் நியாயவிலைக் கடைக்கு வரும் கோதுமையும், நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது நாம் வாங்கிச் செல்லும் காஷ்மீர் ஆப்பிளும், பிரியாணியில் தூவும் குங்குமப்பூவும் அந்தப் பனிநீரோடு தொடர்புடையவையே.

மலைகள் வெறுமையாகக் கிடந்த குளிர்காலங்கள்

காஷ்மீர் மக்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். டிசம்பர் 21 அளவில் தொடங்கும் முதல் நாற்பது நாட்கள் ‘சில்லே கலான்’. அடுத்த இருபது நாட்கள் ‘சில்லே குர்த்’. கடைசிப் பத்து நாட்கள் ‘சில்லே பச்சா’. நாற்பது நாட்கள் மார்க்கப் பணிக்காக வெளியூர் செல்வதை நாம் ‘சில்லா’ என்று சொல்கிறோமே, அதே பாரசீகச் சொல்தான் இது. இந்த முதல் நாற்பது நாட்களில் விழும் பனிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கடுங்குளிரில் விழுவதால் அது இறுகி, கோடை வரை நின்று, ஊற்றுகளுக்கும் ஓடைகளுக்கும் நீரூட்டும். பிப்ரவரியின் இறுதியிலும் மார்ச்சிலும் விழும் பனியோ அப்படியன்று. வெயில் ஏறிவிட்ட காலத்தில், சூடேறிய தரையில் விழுவதால் அது விரைவில் உருகி ஓடிவிடும்.

2024 ஜனவரியில், பனிக்குப் புகழ்பெற்ற குல்மார்க் மலைச்சரிவுகள் பனியின்றிப் பழுப்பு நிறமாகக் கிடந்தன. அம்மாத இறுதியில்தான் பனி வந்தது. அதுவரை காஷ்மீரில் மக்கள் கூடி மழைக்காகவும் பனிக்காகவும் சிறப்புத் தொழுகை நடத்தி இறைவனிடம் கையேந்தினார்கள். அடுத்த ஆண்டும் அதே கவலை. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை வடமேற்கு இந்தியாவில் மழையும் பனியும் வழக்கத்தை விடக் குறைவாக, சராசரியில் 86 விழுக்காட்டுக்கும் கீழாக இருக்கக்கூடும் என்று இந்திய வானிலை ஆய்வுத்துறை முன்கூட்டியே கூறியிருந்தது. அதன்படியே காஷ்மீரில் ஜனவரியும் பிப்ரவரியின் பெரும்பகுதியும் வறண்டு கழிந்தன. முகலாயர் காலத்துத் தோட்டம் ஒன்றுக்கு நீரூட்டி வரும் அச்சபல் ஊற்று அந்தப் பிப்ரவரியில் வற்றியது. குல்மார்க்கில் நடக்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனியில்லாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன.

பின்னர் பிப்ரவரி இறுதியில் மலைகளில் பனி கொட்டியது. அதே நாட்களில், 28ஆம் தேதி, உத்தரகண்ட் மாநிலத்தின் மாணா கிராமத்தருகே பனிச்சரிவு ஏற்பட்டுச் சாலைப் பணியாளர் முகாமைப் புதைத்தது. எட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வரவேண்டிய காலத்தில் வராமல், வந்தபோது ஒரேயடியாக வரும் பனி எவ்வளவு பெரிய சோதனை என்பதற்கு அந்த ஒரு பருவமே சான்று.

காத்மாண்டுவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையம் 2025 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை தரையில் விழுந்த பனி எவ்வளவு காலம் நிலைத்து நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள்கள் மூலம் கணக்கிட்டுச் சொல்லும் அறிக்கை அது. அந்தக் குளிர்காலத்தில் இந்துகுஷ் இமயமலைப் பகுதி முழுவதும் பனியின் நிலைப்பு வழக்கத்தை விட 23.6 விழுக்காடு குறைந்திருந்தது. 23 ஆண்டுகளில் இதுவே மிகக் குறைவு. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் குறைவு. கங்கைப் படுகையில் 24.1 விழுக்காடும், சிந்துப் படுகையில் 16 விழுக்காடும், கிழக்கே மீகாங் படுகையில் பாதிக்கும் மேலாகவும் குறைந்திருந்தது.

இதற்குக் காரணம் பூமியின் வெப்பம் ஏறி வருவதே என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். வெப்பம் ஏறினால் தாழ்ந்த சரிவுகளில் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து ஓடிவிடுகிறது. விழுந்த பனியும் முன்னதாகவே உருகுகிறது. வெண்பனி தன் மீது படும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் இயல்புடையது. அது விலகியதும் கருத்த பாறையும் மண்ணும் அந்த வெயிலை உறிஞ்சி மேலும் சூடாகின்றன. ஒரு குறைவு அடுத்த குறைவுக்கு வழி திறந்துவிடுகிறது. மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டவற்றால் நிலத்திலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டதாகத் திருமறை (30:41) கூறுவதை இந்த இடத்தில் எண்ணிப் பாருங்கள்.

தாது வருஷப் பஞ்சமும் பனியை அளந்த மனிதரும்

இமயமலையின் பனிக்கும் நம் தமிழ்நாட்டின் துயரத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய்ப் பகுதிகளையும் உலுக்கிய கொடும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அழைத்தார்கள். பருவமழைகள் பொய்த்தன. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

அப்போது இந்திய வானிலை ஆய்வுத்துறை தொடங்கப்பட்டு ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1875இல் நிறுவப்பட்ட அத்துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. மழை பொய்க்கும் என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்று அரசு அவரிடம் கேட்டது. அவர் இமயமலையை நோக்கித் திரும்பினார். குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் மலையில் பனி மிகுதியாகப் படிந்தால், அதைத் தொடரும் பருவமழை குறைகிறது என்ற கருத்தை 1884இல் முன்வைத்தார். அந்தப் பனிக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, 1886 ஜூன் 4 அன்று இந்தியாவின் முதல் அதிகாரபூர்வப் பருவமழைக் கணிப்பு வெளியானது. இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நாம் கேட்கும் பருவமழை அறிவிப்புகளுக்கு மூத்தது அதுவே. பஞ்சத்தில் மடிந்த நம் மக்களின் துயரமும் எங்கோ மலையில் விழுந்த பனியும் சேர்ந்தே இந்த அறிவுத்துறைக்கு அடித்தளம் இட்டன.

அந்தக் கணிப்பு எப்போதும் பலித்ததா? இல்லை. பனிக்கும் மழைக்கும் இடையிலான தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் ஒரே சீராக இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. அடுத்து வந்த அறிஞர்கள், குறிப்பாக கில்பர்ட் வாக்கர், தொலைதூரப் பெருங்கடல்களின் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இன்று செயற்கைக்கோளும் கணிப்பொறியும் வந்துவிட்டன. இருந்தும் கணிப்பு கணிப்புதான். கூடக்கூடும், குறையக்கூடும் என்றே அது பேசுகிறது.

கணிப்பைக் கேட்பது ஈமானுக்கு முரணா?

இங்கே சில சகோதரர்களுக்கு ஓர் ஐயம் எழுகிறது. மழை எப்போது பொழியும் என்பது அல்லாஹ்வின் அறிவுக்கு உட்பட்டதாயிற்றே, அதைப் பற்றி மனிதர் முன்கூட்டியே பேசலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். வேறு சிலரோ, கணிப்பு ஒருமுறை தவறிவிட்டால் அதை எள்ளி நகையாடிவிட்டு, ஒரு முன்னேற்பாடும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியான வழி அன்று.

ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்த பின்னர் விடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு ஓர் உண்மையை உணர்த்தினார்கள். அல்லாஹ்வின் அருளால் மழை கிடைத்தது என்று சொல்பவர் அல்லாஹ்வை நம்பியவர் என்றும், இன்ன நட்சத்திரத்தால் மழை கிடைத்தது என்று சொல்பவர் நட்சத்திரத்தை நம்பியவர் என்றும் அவர்கள் விளக்கினார்கள். இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. கண்டிக்கப்பட்டது, கொடுப்பவனை விட்டுவிட்டு வேறொன்றைக் கொடுப்பவனாகக் கருதும் நம்பிக்கையே. காற்றையும் மேகத்தையும் அளப்பது கண்டிக்கப்படவில்லை. மேகத்தைக் கண்டு மழை வரக்கூடும் என்று உழவர் சொல்வது எப்படிக் குற்றமில்லையோ, அப்படியே பனியை அளந்து ஆற்றில் நீர் குறையக்கூடும் என்று அறிஞர் சொல்வதும் குற்றமில்லை. அல்லாஹ் இவ்வுலகில் அமைத்துள்ள ஒழுங்கைக் கவனித்துச் சொல்லும் செய்தி அது. மறைவானவற்றின் முழு அறிவு அவனிடமே இருக்கிறது. அதனால்தான் கணிப்பும் சில வேளை தவறுகிறது.

ஆகவே கணிப்பை வணங்கவும் வேண்டாம், வீசி எறியவும் வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உள்ளது. கணிப்பு என்பது ஒட்டகத்தைக் கட்ட வேண்டிய நேரத்தை நமக்கு உணர்த்தும் ஓர் எச்சரிக்கை.

யூசுஃப் நபி (அலை) காட்டிய வழி

இதற்குத் திருமறையிலேயே தெளிவான முன்மாதிரி இருக்கிறது. எகிப்திய மன்னன் கண்ட கனவுக்கு யூசுஃப் நபி (அலை) அவர்கள் விளக்கம் அளித்த வரலாற்றை (12:47-49) நீங்கள் அறிவீர்கள். ஏழு ஆண்டுகள் விளைச்சல், ஏழு ஆண்டுகள் கடும் பஞ்சம், அதன் பின் மழை பொழியும் ஓர் ஆண்டு. இறைவன் கற்றுக்கொடுத்த இந்தச் செய்தியை மட்டும் அறிவித்துவிட்டு யூசுஃப் நபி (அலை) அவர்கள் அமைதியாக இருந்துவிடவில்லை. விளைந்ததைக் கதிரோடு சேமித்து வைக்கும் முறையையும் சேர்த்தே கூறினார்கள். பின்னர் நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு கேட்டபோது (12:55), தம்மிடமுள்ள இரண்டு தகுதிகளை எடுத்துரைத்தார்கள். ஒன்று, பாதுகாக்கும் தன்மை. மற்றொன்று, அறிவு. எச்சரிக்கை வரும்போது ஒரு சமுதாயத்துக்கு இவ்விரண்டும் தேவை. அறிவு மட்டும் இருந்து பாதுகாப்பவர் இல்லையெனில் களஞ்சியம் காலியாகும். பாதுகாப்பவர் இருந்தும் அறிவு இல்லையெனில் எப்போது சேமிப்பது, எப்போது திறப்பது என்று தெரியாது.

இந்தப் பாடத்தை நம் காலத்திலும் செயலில் காட்டியவர்கள் இருக்கிறார்கள். லடாக்கில் ஓராண்டுக்கு மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அங்கே உழவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்கு நீர் கிடைப்பதில்லை. உயரத்திலுள்ள பனி அப்போது உருகத் தொடங்கியிருக்காது. குளிர்காலத்திலோ ஓடைநீர் பயனின்றி ஓடிக்கொண்டிருக்கும். செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் இதைக் கவனித்தார். ஓடையைத் திருப்பி, கிராமத்துக்கு மேலே நிழல் விழும் சரிவில் சிறு தடுப்புச் சுவர்களைக் கட்டி, அங்கேயே நீரை உறைய வைத்தார். அது தாழ்வான இடத்தில் இருப்பதால் விதைப்புக் காலத்திலேயே உருகி வயலுக்கு வந்தது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2013 முதல் சோனம் வாங்சுக் என்பவர் குழாய் வழியே இறங்கும் நீரைக் குளிர் இரவுகளில் பீய்ச்சி, கூம்பு வடிவப் பனிக்குன்றுகளாக உறைய வைத்தார். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு. ஆகவே அது மெல்ல உருகும். கையில் இருப்பதோ வெறும் பத்து சென்டிமீட்டர் மழை. அதை வைத்துக்கொண்டு அவர்கள் வழி தேடினார்கள்.

காஷ்மீரிலும் 2018இல் பனி குறைந்திருந்தபோது, அந்தப் பருவத்தில் நெல்லுக்குப் பதிலாகக் குறைந்த நீரில் விளையும் பயிர்களைச் செய்யுமாறு வடகாஷ்மீர் உழவர்களுக்குப் பாசனத்துறை அறிவுறுத்தியது. மலையில் பனி குறைந்த செய்தி, வயலில் எதை விதைப்பது என்ற முடிவாக மாறியது. கணிப்பின் பயன் இதுவே.

நம் பனிமலை எது?

அன்பார்ந்தவர்களே! இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்குப் பனிமலை இல்லை. ஆனால் பனிமலை செய்யும் வேலையைச் செய்வதற்கென்றே நம் முன்னோர் ஒன்றை அமைத்து வைத்துச் சென்றார்கள். அதுதான் ஏரி. நம் மாவட்டத்து மழை ஆண்டு முழுவதும் சீராகப் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவத்தில் சில நாட்களும், ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களும் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில நாள் மழையைப் பிடித்து, பங்குனி, சித்திரை வரை வைத்திருந்து, மதகு வழியே வயலுக்கும் மண் வழியே கிணற்றுக்கும் அளந்து தருவது ஏரியின் பணி. தமிழ்நாடு முழுவதும் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இப்படி அமைக்கப்பட்டுள்ளன.

நம் பகுதியின் அடிநிலம் கடும்பாறை. மேலேயுள்ள மண்ணிலும் பாறையின் வெடிப்புகளிலும் தங்கும் நீரே நம் கிணற்று நீர். ஆற்று மணற்படுகையில் உள்ளதைப் போல ஆழத்தில் பெரும் நீர்க்களஞ்சியம் இங்கே இல்லை. ஏரியில் நீர் நின்றால் கிணற்றில் நீர் நிற்கும். ஏரி வற்றினால் ஆழ்துளைக் கிணற்றை எத்தனை அடி இறக்கினாலும் பாறைப்பொடிதான் வரும். நீர் பூமிக்குள் இறங்கிப் போய்விட்டால் ஊற்றுநீரைக் கொண்டுவருபவன் யார் என்று அல்லாஹ் கேட்கும் கேள்வி (67:30), ஆழ்துளைக் கிணறு போட்டுப் பணத்தை இழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் புரியும்.

மலைப் பனி உருகிப் போவதைத் தனியாக நம்மால் தடுக்க முடியாது. ஆனால் நம் ஏரி அழிவதற்கு நம் கைகளே காரணம். வரத்துக் கால்வாயின் மீது சுவர் எழுப்புகிறோம். கால்வாயில் குப்பையைக் கொட்டுகிறோம். தூர் சேர்ந்து ஏரியின் கொள்ளளவு குறைகிறது. கரையிலும் உள்ளேயும் சீமைக் கருவேலம் வளர்ந்து நிற்கிறது. பின்னர் மழை பெய்தாலும் ஏரிக்குப் போகாமல் தெருவுக்குள் வருகிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. பனி ஒரேயடியாகக் கொட்டிய மாணாவின் துயரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தேவையான காலத்தில் பற்றாக்குறை, தாங்க முடியாத வேளையில் பெருக்கு. இரண்டுக்கும் நடுவே நின்று காப்பது சேமிப்பிடங்கள்தாம்.

நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து வறட்சியை முறையிட்டார். நபியவர்கள் கையேந்தினார்கள். மறு ஜும்ஆ வரை மழை நிற்கவில்லை. அப்போது மழையால் சேதம் என்று முறையீடு வந்தது. ஊரின் மீது வேண்டாம், சுற்றிலுமுள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் பொழியச் செய்யுமாறு நபியவர்கள் இறைஞ்சினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் உள்ளது. மழையே வேண்டாம் என்று நபியவர்கள் கேட்கவில்லை. நீர் தங்க வேண்டிய இடத்தில் தங்கட்டும் என்றே கேட்டார்கள். அந்த இடங்களை அடைத்துவிட்டு நாம் எந்த முகத்தோடு மழைத் தொழுகைக்கு நிற்பது?

மேல்மடையும் கடைமடையும்

நீர் பற்றாக்குறையான காலத்தில் முதலில் உடைவது மனிதர்களுக்கிடையிலான நேசம். மதீனாவில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் வாய்க்கால் நீர் தொடர்பாக வழக்கு எழுந்தது. மேலே இருப்பவர் தம் தோட்டத்துக்குத் தேவையானதைப் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டை நிலத்துக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்பதே நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பின் சாரம். மேலே இருப்பதால் ஒருவருக்கு முதல் உரிமை உண்டு. ஆனால் முழு உரிமை இல்லை. பனிமலை நாடுகளுக்கும் இது பொருந்தும். நம் ஏரியின் மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் பொருந்தும். மூன்று மோட்டார் போட்டு இறைப்பவருக்கும், அவருடைய பக்கத்து வீட்டில் குடத்தோடு காத்திருக்கும் பெண்மணிக்கும் பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியவை

சகோதரர்களே! கேட்டதும் கலைந்து போகும் உரையாக இது ஆகிவிட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பற்றிய முன்னறிவிப்பை வானிலை ஆய்வுத்துறை ஆண்டுதோறும் அப்பருவத்துக்கு முன்பே வெளியிடுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பருவ மழை முன்னறிவிப்பு தருகிறது. அவற்றைக் கேளுங்கள். மழை குறையும் என்றால் நெல்லை விட்டு மணிலா, கேழ்வரகு போன்றவற்றை யோசியுங்கள். மிகும் என்றால் கால்வாயையும் கரையையும் முன்னதாகவே கவனியுங்கள்.

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அமைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்று உடைந்து தொங்குகின்றன. ஆடி மாதத்திலேயே மொட்டை மாடியைக் கூட்டி, வடிகட்டும் குழியிலுள்ள மண்ணை அள்ளிவிடுங்கள். ஒரு நாள் வேலை. ஆண்டு முழுவதும் கிணற்றுக்குப் பயன்.

குர்பானிக் கழிவையும் இறைச்சிக் கடைக் கழிவையும் ஓடையிலும் ஏரிக்கரையிலும் வீசும் பழக்கத்தை நம் சமுதாயம் அறவே கைவிட வேண்டும். அல்லாஹ்வுக்காக அறுத்த பிராணியின் கழிவால் அல்லாஹ்வின் அடியார்கள் குடிக்கும் நீரைக் கெடுப்பது எந்த வகையில் நன்மையாகும்? அதைக் குழி தோண்டிப் புதைப்பதற்கு ஜமாஅத்தார் முன்கூட்டியே இடம் ஏற்பாடு செய்யலாம்.

உளூச் செய்யும் நீரையும் எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில், அதாவது இரு கைகளால் ஒருமுறை அள்ளும் அளவில், உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அது ஒரு லிட்டர் கூட ஆகாது. முழுதாகத் திறந்துவிட்ட குழாயில் ஒரு நிமிடத்தில் அதைப் போலப் பல மடங்கு ஓடிவிடுகிறது. பள்ளிவாசலில் உளூச் செய்து வடியும் நீரைச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சு குழிக்கும் மரங்களுக்கும் திருப்பிவிட்டால், ஐவேளைத் தொழுகையும் பூமிக்கு நீரூட்டும்.

ஏரி எல்லாருக்கும் பொது. அதில் முஸ்லிமின் பங்கு என்றும் மற்றவரின் பங்கு என்றும் பிரிவில்லை. தூர் வாரும் பணி, கருவேலம் அகற்றும் பணி என்று ஊர் கூடும்போது நம் இளைஞர்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டும். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் அள்ளித் தந்தவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓர் ஊருக்கே நீர் கிடைக்கச் செய்பவருக்கு அவனிடமுள்ள கூலியை யார் அளவிட முடியும்?

யா அல்லாஹ்! வறண்ட மலைகளுக்கு உரிய காலத்தில் பனியையும், வறண்ட நிலங்களுக்கு உரிய அளவில் மழையையும் தந்தருள்வாயாக! நீ இறக்கும் நீரைத் தேக்கி வைக்கும் அறிவையும், பாதுகாக்கும் பொறுப்புணர்வையும், அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் எங்களுக்கு நல்குவாயாக! வெள்ளத்தாலும் பனிச்சரிவாலும் மண்சரிவாலும் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக! எங்கள் பாவங்களை நீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவித் தூய்மைப்படுத்துவாயாக! ஆமீன்.